வேலை நிமித்தமாக மலைக்குப் போகும்போது ரிசார்ட்டில் தங்கலாமா? உங்கள் அனுபவம் என்ன?

மூன்று இரவுகள் தங்கியிருக்கிறேன். நான்காவது இரவுக்கும் நிறுவனம் பணம் கட்டியிருந்தது. நான்தான் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்றைத் தள்ளும் பெரிய புளோயர்களைப் பழுது பார்ப்பவன் நான். ஊர் கோவை. ஆள் உயரச் சக்கரம் ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். அதன் இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் தேயிலைத் தூசி கொஞ்சம் கூடுதலாக அப்பிக்கொண்டால் போதும், சக்கரம் ஆடத் தொடங்கும். ஆட்டம் பேரிங்கைத் தின்னும். பேரிங் போனால் சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் தண்டு தேயும். அதற்குள் யாராவது சத்தத்தைக் கவனித்து நிறுத்தியிருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

2025-ல் ஆயுதபூஜை அக்டோபர் 1 அன்று வந்தது. மறுநாள் மாலை குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தொழிற்சாலையின் டீ மேக்கர் போனில் அழைத்தார். டீ மேக்கர் என்பது பதவியின் பெயர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூள் மூட்டையில் ஏறும்வரை அவர் பொறுப்பு. “நேற்றுதான் சார் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினோம். இன்று காலை கிளப்பியதும் உறுமிவிட்டு நின்றுவிட்டது” என்றார். குரலில் என்மேல் இருந்ததைவிட எலுமிச்சம்பழத்தின்மேல் வருத்தம் அதிகம்.

குன்னூர் போனால் வழக்கமாக பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்குவேன். படுக்கை விரிப்பில் பீடி வாசம் வரும். ஆனால் காலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டினால் வெந்நீர் ஒரு வாளி கிடைக்கும். அந்த வாரம் பூஜை விடுமுறை, காந்தி ஜெயந்தி, சனி, ஞாயிறு என்று சங்கிலியாக வந்ததால் மலை முழுக்க நிரம்பி வழிந்தது. நீலகிரியில் அக்டோபரை இரண்டாம் சீசன் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் பயண ஏற்பாடு பார்க்கும் பெண் எங்கெங்கோ தேடி, கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் ரத்து செய்த அறை ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். ரிசார்ட். ஓர் இரவுக்கு 6,800 ரூபாய். “என்ஜாய் பண்ணுங்க சார்” என்ற செய்தியோடு ஒரு சிரிப்புப் பொம்மையும் அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம்: நான், ஓட்டுநர், பின்னால் இரண்டு பேரிங், அதிர்வு அளக்கும் கருவி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். வேலைக்குப் போகிறவனும் உல்லாசத்துக்குப் போகிறவனும் அதில் ஒன்றுதான்; டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கல்லாற்றில் பாஸைக் காட்டி, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இல்லை என்று சத்தியம் செய்து, பர்லியாறு தாண்டிப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்க மூன்று மணி நேரமாயிற்று. மற்ற நாளில் அதில் பாதிகூட ஆகாது.

ரிசார்ட் வாசலில் ஓர் இளம்பெண் தட்டுடன் நின்றார். நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். புளோயருக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டே நெற்றியைக் காட்டினேன்.

தனி ஆளாக ரிசார்ட்டில் நுழைவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வரவேற்பில் இருந்தவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “மேடம் காரில் இருக்கிறார்களா சார்?” என்றார். இல்லை என்றதும் குழந்தைகளைக் கேட்டார். அதுவும் இல்லை என்றதும் என் கையிலிருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார். அறையில் இரண்டு துண்டுகளை மடித்து இரண்டு அன்னங்கள் செய்து, அலகோடு அலகு சேர்த்துக் கட்டிலின்மேல் வைத்திருந்தார்கள். ரத்தான குடும்பத்துக்குச் செய்ததாக இருக்கலாம். நான் குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ள ஓர் அன்னத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. மற்றது மூன்று நாளும் ஒற்றையாக உட்கார்ந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் மூலையில் ஒரு மேசை, நடுவில் மெழுகுவர்த்தி, எதிரே காலி நாற்காலி. பரிமாறியவர் அந்த நாற்காலியை எடுத்துவிடலாமா என்று மிகுந்த கருணையோடு கேட்டார்.

அன்று இரவு பக்கத்து மேசையில் ஒரு சென்னைக் குடும்பம். “கேட்டீர்களா, ஒரு சத்தம் கிடையாது. இந்த அமைதிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்” என்று அந்த அம்மாள் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தோசை இறங்கவில்லை. காரணம் இதுதான். ரிசார்ட்டிலிருந்து தொழிற்சாலைக்குச் சாலை வழியாக ஒன்பது கிலோமீட்டர் என்றாலும், நேராகப் பார்த்தால் அது எதிர்ச் சரிவிலேயே இருந்தது. தகரக் கூரையும் புகைபோக்கியும் தெரிந்தன. அவர் ரசித்த அமைதி, என் புளோயர் நின்றுபோன அமைதி. ஒரே ஒரு டிரையர் உள்ள சிறிய தொழிற்சாலை. டிரையர் நின்றால் கொழுந்து வாங்க முடியாது. வாங்காவிட்டால் கொழுந்தை வாட்டும் விசிறிகளுக்கும் வேலை இல்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஹட்டிக்காரர்கள் (ஹட்டி என்றால் படுகர் ஊர்) பறித்த கொழுந்தை வேன் பிடித்து வேறு தொழிற்சாலைக்கு அனுப்பி, அங்கே சொன்ன விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பருவம், மழை பெய்து செடி தளதளவென்று துளிர்த்திருக்கிறது. பறிக்காமல் விட்டால் முற்றிவிடும்.

கேள்விக்கு வருகிறேன். வேலைக்குப் போகிறவனுக்கு ரிசார்ட் ஒத்துவராததற்கு மெத்தையோ சாப்பாடோ காரணமில்லை. கடிகாரம்தான் காரணம். தேயிலைத் தொழிற்சாலையில் பிற்பகலிலும் மாலையிலும் கொழுந்து வந்து சேரும். இரவெல்லாம் காற்றில் வாடும். விடிவதற்கு முன், நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளில் நசுங்கி, புளித்து, டிரையருக்குள் போகும். முக்கால் பங்குக்கு மேல் நீராக வந்த இலை, வெளியே வரும்போது நூற்றுக்கு மூன்று பங்கு ஈரத்தோடு தூளாகிவிடும். அங்கே விடியற்காலை நான்கு மணிதான் உச்சிவேளை. ரிசார்ட்டிலோ வெந்நீர் ஏழு மணிக்கு, காலை உணவு எட்டரைக்கு. வாயிற்கதவு ஆறு மணிக்குத்தான் திறக்கும், காட்டுமாடு நடமாட்டம் இருப்பதால். அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குக்கூட இருட்டியபின் காவலாளி டார்ச்சோடு வந்து அழைத்துப் போவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடும் கரடியும் வீட்டுக் கொல்லைவரை வருகிற பிராணிகள். கோயில் விளக்கின் எண்ணெய்க்காகக் கதவை உடைக்கும் கரடிகள் அங்கே செய்தியே இல்லை.

அந்தக் காவலாளிதான் என்னைக் காப்பாற்றினார். அறுபதைத் தாண்டியவர். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அவரும் அதில் ஒன்றில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். சனிக்கிழமை காலை நாலே காலுக்கு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறக்காமல், “உட்காருங்கள் தம்பி, முதலில் தேத்தண்ணி குடியுங்கள்” என்றார். இங்கே டீ என்பதை அவர்கள் இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்கிறார்கள். கரி படிந்த சட்டியில் தூளைப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, சர்க்கரை தனியாகக் கையில் கொடுத்தார். என் அறையில் கெட்டிலும் காகிதப் பை டீயும் வைத்திருந்தார்கள். குன்னூர் உயரம் சுமார் 1,850 மீட்டர். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த நீரில் ஒரு பையைத் தொங்கவிட்டால் வெளுத்துப்போன வேட்டியின் நிறம்தான் வரும். தேயிலைத் தோட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, எங்கோ கட்டிய பையை நனைத்துக் குடிப்பதற்குத்தான் 6,800 ரூபாய். காவலாளி டார்ச்சை அடித்துப் பாதையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் அவர் வேலை போயிருக்கும். எனவே அடையாளம் இதற்குமேல் வேண்டாம்.

ஓட்டுநர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் இரவு அவருக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிக் காட்டியது வண்டி நிறுத்துமிடம். பன்னிரண்டு டிகிரி குளிரில் காருக்குள் சுருண்டிருந்தார். நான் காலையில்தான் பார்த்தேன். தங்கும் விடுதிகளில் ஓட்டுநர்களுக்குப் படுக்க இடம் வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் கட்டட விதிகளையே திருத்தியது. வரவேற்பில் அதைச் சொன்னேன். “அது புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு சார்” என்றார், புன்னகை மாறாமல். அடுத்த இரவிலிருந்து கூடுதல் படுக்கைக்குப் பணம் கட்டி அவரை என் அறையில் படுக்கவைத்தேன். அதை எங்கள் கணக்குப் பிரிவு இன்றுவரை ஏற்கவில்லை. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

கணக்குப் பிரிவு என்றதும் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய்வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம், அதற்குமேல் பதினெட்டு. ஐந்து சதவீத அறையில் விடுதிக்காரர், தான் வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. உங்கள் நிறுவனம் பெங்களூரிலோ கொச்சியிலோ பதிவானது என்றால், எந்த அறையில் தங்கினாலும் அந்த வரி தமிழ்நாட்டுக் கணக்கில் விழும். இங்கே பதிவு இல்லாவிட்டால் உங்கள் நிறுவனம் திரும்ப எடுக்க முடியாது. இதைத் தெரியாமல் “பில்லில் எங்கள் எண்ணைப் போடுங்கள்” என்று சண்டை போடும் ஒருவரை அங்கே வரவேற்பில் பார்த்தேன்.

தண்டு தேய்ந்திருந்ததால் சனிக்கிழமை அதைக் கழற்றி மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினோம். அது திரும்பிவரும்வரை எனக்கு வேலை இல்லை. அன்று பிற்பகல் நான்கு மணி நேரம், ஒப்புக்கொள்கிறேன், ரிசார்ட் ரிசார்ட்டாக இருந்தது. திண்ணையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்தது. முதலில் புகைபோக்கி மறைந்தது, பிறகு தகரக் கூரை, பிறகு சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் திண்ணையின் கைப்பிடிக் கம்பி. எனக்கு முன்னால் உலகம் இல்லை. எந்த இயந்திரமும் இல்லாத இடத்தில் நான் கடைசியாக எப்போது உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அறையிலிருந்து கம்பளியை எடுத்துவந்து போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன். எழுப்பியது ஒலிபெருக்கி. சனிக்கிழமை இரவு நெருப்பு மூட்டி ஆட்டம் பாட்டமாம். ஓட்டுநர் மட்டும் போய் ஆடிவிட்டு வந்தார்.

ஞாயிறு மாலை தண்டு வந்தது. இரவு முழுக்க மாட்டினோம். சக்கரத்தில் எந்தப் பக்கம் எடை குறைகிறது என்று ஓட்டிப் பார்த்து, சிறு இரும்புத் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்து, மறுபடி ஓட்டி, துண்டை மாற்றி, மறுபடி ஓட்டி. அந்த ஞாயிறு மாலையே டீ மேக்கர் துணிந்து கொழுந்து வாங்கி வாடப் போட்டிருந்தார். இவன் முடிக்காவிட்டால் அத்தனையும் குப்பை என்று தெரிந்தே. திங்கள் அதிகாலை நாலரைக்கு அதிர்வு நொடிக்கு 1.8 மில்லிமீட்டரில் வந்து நின்றது. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு அது நல்ல அளவு. ஐந்து மணிக்கு முதல் தூள் விழுந்தது. அதில் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அந்த வாசத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அறையைக் காலி செய்ய ஏழரைக்கு ரிசார்ட்டுக்கு வந்தேன். சட்டை முழுக்கத் தேயிலைத் தூசி. வரவேற்பில் அந்தச் சென்னை அம்மாள் நின்றுகொண்டிருந்தார். “விடியற்காலையிலிருந்து ஒரே உறுமல். மூன்று நாளாக எவ்வளவு நன்றாக இருந்தது! இதற்கா இவ்வளவு பணம் கொடுத்து வந்தோம்?” வரவேற்பாளர் மன்னிப்புக் கேட்டார். எதிரே இருக்கும் தொழிற்சாலைதான், நிர்வாகத்திடம் பேசுகிறோம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் தூக்கம் கெட்டுவிட்டதா சார்?” என்று கேட்டார்.

கெட்டுவிட்டது என்றேன். அது உண்மைதானே. பிறகு பில்லில் கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சீரான சத்தம், தட்டல் எதுவும் இல்லை.