வாசகர் கேள்வி பதில்: பழைய லான்ட் றோவரின் கதவு ஏன் ஒழுங்காகப் பூட்டுப்படவில்லை?

பழைய லான்ட் றோவர், ஜீப் வண்டிகளைத் திருத்தி எடுப்பவர்கள் தகடு பொருத்துவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, என்னிடம் 1968ஆம் ஆண்டு லான்ட் றோவர் சீரீஸ் 2ஏ, சக்கர இடைத்தூரம் 88 அங்குலமான குட்டை வண்டி, இருக்கிறது. வலதுபக்க அவுட்ரிகர் (செசியிலிருந்து பக்கவாட்டில் நீட்டி நிற்கும் கை) கறள் பிடித்துப் போனதால் அதை வெட்டிப் புதியது ஒட்டுவித்தோம். அதன்பிறகு சாரதிக் கதவு பூட்டுப்படுவதில்லை. கதவின் பின்விளிம்பு 8 மி.மீ. அளவு கீழே நிற்கிறது. பின்பக்க இடைவெளி மேலே உரசுகிறது, கீழே பென்சில் போகிறது. முன்பக்க இடைவெளி மட்டும் மேலும் கீழும் ஒரே அளவு. பொனட்டும் முன்னுக்கு வலப்பக்கம் இழுத்து நிற்கிறது. பிணைச்சல் துளைகளை நீளமாக்கிச் சரிக்கட்டலாம் என்கிறார் ரிங்கர் வேலை செய்பவர். செய்யலாமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: துளையில் கைவைக்க விடாதீர்கள். கதவிலும் பிணைச்சலிலும் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. முன்பக்க இடைவெளி ஒரே அளவு என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே போதிய சாட்சி.

பிணைச்சல் தேய்ந்திருந்தால் கதவு, அது தொங்கும் தூணை விட்டுத் தனியே சரியும். அப்போது முன்பக்க இடைவெளி மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். கதவைப் பாதி திறந்து பின்விளிம்பை இரண்டு கைகளாலும் தூக்கினால் ஆட்டம் தெரியும். உங்கள் வண்டியில் கதவும் தூணும் ஒன்றாகவே சாய்ந்திருக்கின்றன. அதாவது, பிணைச்சல் பூட்டியிருக்கும் பல்க்ஹெட் (எஞ்சினையும் ஆசனப் பகுதியையும் பிரிக்கும் சுவர், கதவுத் தூண்கள் அதன் இரு ஓரங்கள்) பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது. பின்பெட்டி சாய்ந்திருந்தாலும் பின் இடைவெளி இப்படி ஒடுங்கி விரியும். ஆனால் அப்போது கதவின் அடிவிளிம்பு கீழேயுள்ள சில் தகட்டுக்கு (வாசற்படித் தகடு) நேராக நிற்கும், தொங்காது.

காரணம், புதிய அவுட்ரிகரைச் சில மி.மீ. முன்னுக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். பல்க்ஹெட்டின் கால் அவுட்ரிகரில் பூட்டப்படுகிறது. அதற்கு மேலே, செசியிலிருந்து வரும் தாங்கி அதைப் பிடிக்கிறது. தாங்கி அசையாமல் நிற்க, கால் முன்னுக்குப் போனால் தலை பின்னுக்குப் போகும். வலப்பக்கத் தலை மட்டும் பின்னுக்குப் போகும்போது அதில் பிணைத்த பொனட்டின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். உங்கள் இரண்டு முறைப்பாட்டுக்கும் வேர் ஒன்றுதான்.

கணக்கையும் பாருங்கள். மேல், கீழ்ப் பிணைச்சல்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப்போல் இரண்டரை மடங்கு கதவின் அகலம் என்று வைத்துக்கொண்டால், தூணில் 1 மி.மீ. சாய்வு கதவின் பின்விளிம்பில் 2.5 மி.மீ. இறக்கமாகத் தெரியும். 8 மி.மீ. இறக்கத்துக்குத் தூணில் சுமார் 3 மி.மீ. சாய்வே போதும். கண்ணால் பிடிக்க முடியாத பிழை அது, ஆகவே அளக்கத்தான் வேண்டும்.

மட்டமான சீமெந்துத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். முட்டு வைப்பதானால் அச்சுகளுக்கு அடியில் வையுங்கள், செசிக்கு அடியில் அல்ல. எஞ்சினும் கியர்பெட்டியும் உள்ளே இருக்கட்டும். வில்லுகள் பாரத்தைச் சுமந்து நிற்கும்போதுதான் செசி ஓடும் நிலையில் இருக்கும். வெறும் செசியில் அளவெடுத்துப் பூட்டி, பிறகு எஞ்சினை இறக்கினால் இடைவெளிகள் மாறிவிடும். இனி இரண்டு அவுட்ரிகர் போல்ட் துளைகளிலிருந்தும், பின்வில்லின் முன்பக்க போல்ட் இரண்டிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சோக்கால் குறியுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு அந்த நான்கு புள்ளிகளையும் குறுக்குமூலையாக அளவுங்கள். இரண்டு குறுக்களவும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் கவலையில்லை. அதற்கு மேல் போனால், வலப்பக்கம் முன்பின் நீளத்தையும் இடப்பக்க நீளத்தையும் ஒப்பிட்டால் எவ்வளவு பிசகு என்பது நேரே தெரிந்துவிடும். உயரத்தைப் பார்க்க, மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் ரியூப் போதும்.

பிசகு 2, 3 மி.மீ. என்றால் பல்க்ஹெட் காலுக்கும் அவுட்ரிகருக்கும் இடையில் பக்கிங் தகடு (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) போட்டோ எடுத்தோ சரிக்கட்டலாம். அதற்குமுன் பல்க்ஹெட்டைப் பிடிக்கும் தாங்கியின் போல்டுகளையும், ஸ்ரியறிங் தூணை டாஷில் பிடிக்கும் பிடியையும் தளர்த்துங்கள். தளர்த்தாமல் பல்க்ஹெட்டை நெம்பினால் ஸ்ரியறிங் தண்டு வளைந்து இறுகும். பிறேக் குழாய்களும் இழுபடாமல் பார்க்க வேண்டும். பிசகு அதைவிடக் கூட என்றால் அவுட்ரிகரை மறுபடி வெட்டுவதுதான் வழி. கனத்த பக்கிங் அடுக்கினால் நாள்போக்கில் போல்ட் வளையும், கதவு திரும்பவும் தொங்கும்.

மறுபடி ஒட்டும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் பெற்றோல் தாங்கி. இந்த வண்டியில் அது வலப்பக்க ஆசனத்துக்குக் கீழே, வெல்டிங் நடக்கும் இடத்துக்குக் கிட்ட இருக்கிறது. கழற்றி வெளியே கொண்டுபோங்கள். வெறுமையாக்கினால் போதும் என்பது மிக ஆபத்தான நினைப்பு. வெறும் தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பற்றறி இணைப்பையும் கழற்றுங்கள். பிறகு அவுட்ரிகரை நான்கு இடத்தில் பொட்டு மட்டும் வைத்து, பல்க்ஹெட்டைப் பூட்டி, கதவைத் தொங்கவிட்டு, பூட்டிப் பாருங்கள். கதவு சரியாக நின்ற பிறகே முழு ஒட்டு. ஒரே ஓட்டமாக ஒட்டினால் சூடான பக்கம் ஆறும்போது சுருங்கி அவுட்ரிகரைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஒரு அங்குலம் மேலே, ஒரு அங்குலம் கீழே, பிறகு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி, கை வைக்கக்கூடிய அளவு ஆறவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். அரைக்கும்போது செசி இலக்கம் அடித்த இடத்தில் கிறைண்டர் படக்கூடாது.

கதவு சரிவந்ததும் மற்றவற்றைப் பூட்டும் ஒழுங்கு: பல்க்ஹெட்டும் பின்பெட்டியும் கதவுகளுக்கு ஏற்றபடி நிற்க வேண்டும். இரண்டு கதவுகளையும் சுற்றி 5, 6 மி.மீ. இடைவெளி கிடைத்தால் நல்லது. அதற்குமேல் நுணுக்கம் தேட வேண்டாம், இந்த வண்டிகள் தொழிற்சாலையிலேயே தாராளமான இடைவெளியோடுதான் வந்தன. அடுத்து ஆசனப்பெட்டி, சில் தகடுகள். பிறகு றேடியேற்றர் முன்தகடு. அதன்பின் பொனட்டை வையுங்கள். பல்க்ஹெட்டின் இரு ஓரங்களிலிருந்து முன்தகட்டின் எதிர் மூலைகளுக்குக் குறுக்களவு எடுத்து, ஒத்துவரும்வரை முன்தகட்டை இடம்வலம் நகர்த்துங்கள். பொனட் நடுவில் நின்றபிறகு மட்காட்டுகளை அதற்கு ஏற்பப் பூட்டுங்கள். மட்காட்டை முதலில் இறுக்கிவிட்டுப் பொனட்டை அதற்குள் திணிக்கப் பார்ப்பது எங்கும் காணும் பிழை. பொனட்டின் மேல் உதிரிச் சக்கரம் வைக்கும் வண்டியானால் சக்கரத்தை ஏற்றிவைத்தே கொளுக்கியைச் சரிபாருங்கள், அந்தப் பாரம் முன்விளிம்பைக் கீழே அமுக்கும். எல்லாம் முடியும்வரை எந்த போல்ட்டையும் கடைசி இறுக்கம் இறுக்க வேண்டாம்.

கேள்வி: பல்க்ஹெட்டின் கால் பள்ளங்கள் இரண்டும் ஓட்டை. தூணின் அடியும் போய்விட்டது. வண்டியில் வைத்தே வெட்டி ஒட்டலாமா, கழற்ற வேண்டுமா?
— வாசகர், கோப்பாய்

பதில்: பள்ளம் மட்டும் என்றால் வண்டியில் வைத்தே செய்யலாம். தூணின் அடியும் போயிருந்தால், கதவுகள் நல்லபடி பூட்டுப்படும் நிலையில் வண்டியில் வைத்தே முதலில் கட்டிப்போடுங்கள். இடத்தூணிலிருந்து வலத்தூணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மூலைக்கு மூலை ஒன்று என ஒரு அங்குல எல்-இரும்பு ஒட்டுங்கள். பிறகு கழற்றி வெட்டுங்கள். கட்டாமல் வெட்டினால் தூண்கள் உள்ளுக்கோ வெளிக்கோ விரியும், அதைப் பிறகு எந்தப் பக்கிங்காலும் திருத்த முடியாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம். பள்ளத்துக்கு 18 கேஜ் தகடு பொருத்தம், அதாவது ஏறத்தாழ 1.2 மி.மீ. ஒட்டியபின் தூணின் அடியில் தண்ணீர் வடியும் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல தூண்கள் அழிந்ததற்கு அந்தத் துளை அடைபட்டதே காரணம்.

கேள்வி: லான்ட் றோவருக்கு 8 மி.மீ. போல்ட் போட்டால் என்ன குறை? இங்கே அதுதானே இலகுவாகக் கிடைக்கிறது?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: புரி ஒத்துவராது. சீரீஸ் 2இலிருந்து பெரும்பாலும் யூஎன்எஃப் புரி (அங்குல அளவிலான நுண்புரி). 5/16 அங்குல போல்டின் தடிப்பு 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. போல்ட் நுழைவதுபோல் தோன்றும். ஆனால் 5/16 யூஎன்எஃப்பில் அங்குலத்துக்கு 24 புரி, சாதாரண 8 மி.மீ. போல்டில் ஏறக்குறைய 20 புரி. இரண்டு சுற்று போய் இறுகிவிடும், மேலே திருகினால் ஒட்டுநட்டின் புரி உரிந்துபோகும். ஸ்பனரிலும் அதே சிக்கல்தான். 5/16 போல்டுக்கு 1/2 அங்குல ஸ்பனர் வேண்டும், அது 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பனர் கறள் பிடித்த தலையை உருட்டிவிடும். 1/4 போல்டுக்கு 7/16, 3/8 போல்டுக்கு 9/16. யூஎன்எஃப் போல்டுகள் இங்கே அகப்படாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். சீரீஸ் 1 வண்டிக்குப் பூட்டுமுன் பழைய போல்டை ஒப்பிட்டு வாங்குங்கள், அதில் பிஎஸ்எஃப் புரியும் (பழைய பிரித்தானிய நுண்புரி) வரும்.

கேள்வி: அலுமினியத் தகடு கறள் பிடிக்காது என்றார்கள். என் வண்டியின் கதவடியிலும் பின்பெட்டி ஓரங்களிலும் பெயின்ற் கொப்பளித்து உள்ளே வெள்ளைத் தூளாக இருக்கிறது.
— வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: லான்ட் றோவரின் வெளித்தகடுகள் பர்மாபிறைற் என்ற அலுமினியக் கலப்பு உலோகம். செசியும் பல்க்ஹெட்டும் கதவின் உட்சட்டமும் உருக்கு. இரண்டும் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அது ஒரு பற்றறிபோல் வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். வெள்ளைத் தூள் அதன் மிச்சம். தீவுப்பகுதியில் சோளகக் காற்றோடு வரும் உப்புத்தூறல் இதை மேலும் விரைவாக்கும்.

மேலால் உரசிப் பெயின்ற் அடித்தால் சில மாதத்தில் மறுபடி கொப்பளிக்கும். தகட்டைக் கழற்றி, தூளைப் பித்தளைக் கம்பித் தூரிகையாலோ உருக்குத் தூரிகையாலோ அல்ல, துருப்பிடியா உருக்குத் தூரிகையால் எடுங்கள். பாவித்த தூரிகை வேறு உலோகத்தில் படாததாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு எச் பிறைமர் (தகட்டை மெல்ல அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு), உருக்குக்கு நாகச் சத்துள்ள பிறைமர். இரண்டுக்கும் நடுவில் சீலர் பசையோ மெல்லிய றப்பர் நாடாவோ வைத்து, ஒன்றை ஒன்று தொடாதபடி பூட்டுங்கள். போல்டுக்கு நைலோன் வொசரும் புசியும் (துளைக்குள் போகும் சிறு குழல்) போடுங்கள். கல்வனைஸ் போல்ட் நல்லது. துருப்பிடியா உருக்கு போல்ட் பளபளப்பாக இருந்தாலும், வெறுமனே போட்டால் துளையைச் சுற்றி அலுமினியம் அரிக்கும். கடற்கரை வீதியால் வந்த நாளில் நல்ல கிணற்றுத் தண்ணீரால் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள்.

கேள்வி: நெளிந்த மட்காட்டை அடித்து எடுக்கும்போது வெடிக்கிறது. புட்டி போட்டு நிரப்பலாமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: முதலில் தகட்டை இளக்க வேண்டும். நெளிந்த அலுமினியம் இறுகிப்போயிருக்கும், அடிக்க அடிக்க மேலும் இறுகி வெடிக்கும். அலுமினியம் சூடாகும்போது சிவக்காது, திடீரென உருகி ஓட்டை விழும். அதனால் அந்த இடத்தில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்து, பின்பக்கமிருந்து மெல்லிய சுவாலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். சவர்க்காரம் கடும் மண்ணிறமாகிக் கறுக்கத் தொடங்கியதும் சுவாலையை எடுத்துவிடுங்கள். ஆறியபின் மரச்சுத்தியலால், மணல்பையை அண்டை கொடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு அடியுங்கள். மறுபடி இறுகினால் மறுபடி இளக்கலாம். நெளிவு உள்ள இடத்தை மட்டும் சூடாக்குங்கள், பரந்த தகடு முழுவதையும் இளக்கினால் விரல் பட்டாலே டப் டப் என்று உள்வாங்கும்.

வெடிப்பை ஒட்ட ரிக் வெல்டிங் சிறந்தது. காஸ் வெல்டிங் என்றால் பிளக்ஸ் பாவித்து, அதே வண்டியின் கழிவுத் தகட்டிலிருந்து வெட்டிய மெல்லிய கீலத்தையே நிரப்புக் கம்பியாக வைக்கலாம். முடிந்ததும் பிளக்ஸ் முழுவதையும் சுடுதண்ணீரில் உரசிக் கழுவுங்கள், மிஞ்சினால் பெயின்றுக்குக் கீழே அரிக்கும். புட்டி 2, 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கல்லுப் பாதையில் ஓடும் வண்டியில் தடித்த புட்டி தகட்டோடு சேர்ந்து நெளியாமல் பிளந்து விழும்.

கேள்வி: சிஜே-3பி ஜீப்பின் அடித்தளம் இறங்கி, பின்பலகை சங்கிலியைக் கழற்றினால் திரும்பப் பூட்ட முடியவில்லை. பின்பலகையை வெட்டிச் சிறிதாக்கலாமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: வேண்டாம். பின்பலகை பழைய அளவிலேயே இருக்கிறது, பெட்டியின் வாய்தான் ஒடுங்கிவிட்டது. ஜீப்பின் பெட்டி முழுவதும் உருக்கு. தளத்துக்கு அடியில் குறுக்காக ஓடும் தொப்பி வடிவச் சட்டங்கள்தான் அதைத் தாங்குகின்றன. அவை கறள் பிடித்தால் தளம் நடுவில் இறங்கி, பக்கச் சுவர்கள் உள்ளுக்குச் சாயும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி (MB) ஜீப்புகளில் அந்தச் சட்டங்களுக்குள் மரக்கட்டையும் இருந்தது, அது ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே கறளை வளர்க்கும்.

பெட்டியின் வாயை ஜக் வைத்து மெதுவாக விரித்து, பின்பலகையைப் பூட்டி, அதே நிலையில் எல்-இரும்பால் கட்டுங்கள். பிறகு சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். செசிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள றப்பர் பக்கிங் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த ரயர்த் துண்டுகளை வெவ்வேறு தடிப்பில் வைத்திருந்தால், போல்ட் இறுகும்போது புதிய பெட்டியும் முறுகும்.

கேள்வி: பெயின்ற் அடித்துவிட்டுத் தகடுகளைப் பூட்டுவதா, பூட்டிவிட்டு அடிப்பதா?
— வாசகர், நல்லூர்

பதில்: பிறைமரோடு முழு வண்டியையும் ஒருமுறை பூட்டிச் சரிபாருங்கள். பக்கிங் தகடுகளை எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, கம்பியில் கோத்து, அந்தந்தத் துளைக்குப் பக்கத்தில் கட்டிவையுங்கள். பிறகு கழற்றி உட்பக்கமும் ஓரங்களும் சேர்த்து அடித்து, ஆறியபின் பூட்டுங்கள். பெயின்றின் தடிப்பும் இடைவெளியில் கொஞ்சம் பிடிக்கும், அதை நினைத்து அரை மி.மீ. விட்டுவையுங்கள். லக்கர் பெயின்ற் என்றால் ஐப்பசி, கார்த்திகை மாரியில் அடிக்க வேண்டாம். தின்னர் பறக்கும்போது தகடு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பிடிக்கும், மேற்பரப்பு வெளிறிப்போகும். மாசி, பங்குனியில் முற்பகல் நேரம் நல்லது.