கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச யாருக்கும் பணம் தராதீர்கள்

கேள்வி: கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஜூலை மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச வைப்பதாகச் சொல்லி, ஒருவர் ஆளுக்கு 500 ரூபாய் வாங்குகிறார். வெள்ளைத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மின்வாரியம் கட்டண மனு போட்டால், பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே, கட்டணத்தை நிர்ணயிக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவெடுக்க வேண்டும். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64 சொல்வது இது. ஆட்சேபம் தெரிவிக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஆனால் நீங்கள் கேட்கும் ஜூலை உயர்வு வேறு விஷயம். அந்த ஆள் மறைப்பதும் இதைத்தான். 2022 செப்டம்பரில் ஆணையம் போட்ட கட்டண உத்தரவிலேயே, 2026-27 வரை ஆண்டுதோறும் ஜூலையில் 6 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் ஏறும் என்று எழுதிவிட்டார்கள். 2023-ல் 2.18, 2024-ல் 4.83 சதவீதம் ஏறியது அப்படித்தான். அதற்குத் தனியாகக் கருத்துக்கேட்பு கிடையாது. இல்லாத கூட்டத்துக்கு டோக்கன் விற்கிறார் அவர். கூட்டம் வருவது, மின்வாரியம் புதிதாக மனு போடும்போதுதான்.

அப்படி வந்தால், பத்திரிகை அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் ஆணையச் செயலாளருக்கு நீங்களே எழுதுங்கள். தமிழில் எழுதலாம். எழுத்தில் தந்ததும் மேடையில் பேசியதும் ஒன்றுதான். சொல்லப்போனால் மைக்கில் கிடைக்கும் சில நிமிடங்களைவிடக் கடிதத்தில் நிறையச் சொல்லலாம். “கட்டணத்தைக் குறையுங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் இணைப்பு எத்தனை கிலோவாட், ஓடாத மாதத்திலும் நிலைக்கட்டணம் எவ்வளவு கட்டினீர்கள் என்று பில் நகலோடு காட்டுங்கள். ஒரே அச்சில் ஆயிரம் கடிதம் போனால், ஆயிரத்துக்கும் சேர்த்து ஒரே பத்தியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

2022-ல் இவ்வளவு பெரிய மாநிலத்துக்குக் கோவை, மதுரை, சென்னை என்று மூன்றே ஊர்களில் கூட்டம் போட்டார்கள். மனுவோ கட்டுக்கட்டாக ஆங்கிலத்தில். பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறவர் அதை எப்போது படிப்பது? சுருக்கத்தையாவது எளிய தமிழில் ஊர் ஊராகக் கொடுத்திருந்தால் இடைத்தரகருக்கு வேலையே இருக்காது.

வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் பெயரில் கட்டண உயர்வை ஆதரித்துக்கூட அதில் எழுதிக்கொள்ள முடியும். அக்கம்பக்கத்தில் யாராவது ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், தாளை இன்றே திருப்பி வாங்கச் சொல்லுங்கள்.