எந்தத் தமிழில் பேட்டி?

வணக்கம் ஐயா,

கோலாலம்பூரில் முதுகலை படிக்கிறேன். இங்குள்ள இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றி ஆய்வு. மியன்மாரிலிருந்து வந்த ரொஹிங்யா அகதிகளை ஆய்வு செய்யும் தோழிகள் மொழிபெயர்ப்பாளருக்கு அலைகிறார்கள்; எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால் முடிந்தது. ஆனால் மேற்பார்வையாளர் மொழியைப் பற்றித் தனியாக ஒரு பகுதி கேட்கிறார். தமிழரும் தமிழரும் பேசியதில் எழுத என்ன இருக்கிறது?

க., செந்தூல்

அன்புள்ள க.,

நிறைய இருக்கிறது. உங்கள் மேற்பார்வையாளர் விஷயம் தெரிந்தவர்.

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதி என்றொரு ஆளே தெரியாது. ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர் கொடுக்கும் கார்டுதான் பிடிமானம். அதற்கான பேட்டியில் எந்த வருடம், எந்த ஊர், யார் பிடித்துப் போனார்கள் என்று முன்னுக்குப் பின் முரணில்லாமல் சொல்ல வேண்டும். நீங்கள் போய் ஒலிப்பதிவை அழுத்துவதற்கு முன்பே பேட்டி என்றால் என்னவென்று அந்த அகதிக்குத் தெரியும். அங்கே சொன்னதையே உங்களுக்கும் சொல்வார்.

நண்பரின் ஆய்வுக்குத் துணையாக இப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மனிதர் 'கைது செய்யப்பட்டேன், விசாரிக்கப்பட்டேன்' என்று செய்தி வாசிப்பது போலச் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் கைப்பேசி அடித்தது. "ஓம், ஆக்கள் வந்திருக்கினம், பிறகு கதைக்கிறன்." வைத்துவிட்டுத் திரும்பியதும் மறுபடியும் 'செய்யப்பட்டேன்'. வேலை செய்யும் கடையில் நம்மூர் மலேசியத் தமிழில்தான் பேசுவாராம். பேச்சை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே. இந்த மூன்று தமிழும் ஆங்கிலத்துக்குப் போனால் ஒன்றாகிவிடும். எது எந்தப் பேச்சில் வந்தது என்று நீங்கள்தான் குறித்துவைக்க வேண்டும்.

இன்னொன்று. சில நாடுகளில் அகதி விண்ணப்பம் போட்டவரின் பேச்சைப் பதிவு செய்து, எந்தப் பக்கத்து ஆள் என்று ஆராய்கிறார்கள். 2004இல் மொழியியலாளர்கள் கூடி இதற்கு நெறிமுறைகள் வெளியிட்டார்கள்: ஒருவர் எந்தச் சமூகத்தில் பேசிப் பழகியவர் என்பதைத்தான் மொழி காட்டும், குடியுரிமையை அல்ல. அதிகாரிகள் எல்லோரும் அதைப் படித்திருப்பார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. ஆகவே ஒலிப்பதிவைக் கைமாற்றாதீர்கள். மேற்கோளில் ஊரைக் காட்டிக்கொடுக்கும் பேச்சு இருந்தால் அவரையே கேட்டுவிட்டு நீக்குங்கள்.

தோழிகளிடமும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லையென்று மலாயிலேயே பேட்டி எடுப்பவர்கள் உண்டு. செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் கற்ற மலாய் விலை சொல்லவும் போலீசுக்குப் பதில் சொல்லவும் போதும். பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொல்ல வராது. இரண்டு வார்த்தையில் பதில் வந்தால் 'இவர்கள் அதிகம் பேசுவதில்லை' என்று ஆய்வாளர் எழுதிவிடுகிறார்! வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு அந்தச் சந்தை மலாய்கூட இல்லை. ரொஹிங்யா மொழிக்கென உருவான ஹனிஃபி எழுத்து, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர்ந்ததே 2018இல்தான். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது வெறும் சடங்கு, வாயால் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பேட்டியின்போது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் ஒரு பேச்சு, அகதிகள் சங்கத்து ஆள் இருந்தால் வேறு பேச்சு. பக்க வரம்பு இடித்தால் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இலக்கிய மீளாய்வில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் தேர்வாளர்களே தாண்டித்தான் போகிறார்கள்.