அழுகிய முட்டையில் தொடங்கிய குருமார் சங்கம்

கேள்வி: ஆங்கிலிக்கன் சபையில் (இங்கிலாந்துத் திருச்சபையின் வழி வந்தது) கத்தோலிக்க முறையைப் பின்பற்றும் குருமார்களுக்கு (ஆங்கிலோ-கத்தோலிக்கர்) தனிச் சங்கங்கள் உண்டாமே? அங்கே கூடி என்ன செய்வார்கள்? சும்மா அரட்டைதானா?

நான் குருவானவர் இல்லை. கிழக்கு லண்டனில் இப்படிப்பட்ட ஒரு கோவிலில் ஒன்பது வருடம் தூபக்கலசம் ஆட்டியவன், அவ்வளவுதான். ஆனால் குருமார் கூட்டம் எங்கள் கோவிலில் நடக்கும்போது சமையல்கட்டு என் பொறுப்பு. சமையல்கட்டில் நிற்பவனுக்குப் பல விஷயங்கள் தெரியவரும்.

முதலில், எனக்கு இது எப்படி ஒட்டியது என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் எங்களுடையது பழைய எஸ்.பி.ஜி. சபை. நெல்லைக்காரர்களுக்கு இது புரியும். நாசரேத், முதலூர், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி.; மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கம் சி.எம்.எஸ். (இரண்டும் நம் ஊரில் வேலை செய்த ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கங்கள்). 1947-இல் எல்லாம் மற்றப் புராட்டஸ்டன்ட் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டாலும், கல்யாணப் பேச்சென்று வந்தால் எங்கள் பாட்டி அதைத்தான் முதலில் கேட்பாள். (அந்த இணைப்பை இங்கிலாந்தில் கடுமையாக எதிர்த்தவர்கள் இதே ஆங்கிலோ-கத்தோலிக்கர்கள்தான். கவிஞர் டி.எஸ். எலியட் 1943-இல் அதற்கு எதிராக ஒரு பிரசுரமே எழுதினார். நம் ஊர் சபை விவகாரத்தில் எலியட்டுக்கு என்ன வேலை என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம்.)

லண்டன் கோவிலில் எல்லாரும் குருவானவரை 'ஃபாதர்' என்றார்கள். அம்மா போனில் கேட்டாள்: "அங்க ஐயரம்மா எப்படி, நல்லாப் பேசுவாங்களா?" ஐயரம்மா என்றால் எங்கள் பக்கம் குருவானவரின் மனைவி. ஐயரம்மா கிடையாது என்றதும் அவளுக்கு ஒரே கவலை. "அப்ப அவருக்கு யாருதான் இருக்கா?"

அம்மா கேட்டதுதான் உங்கள் கேள்விக்கும் அடிப்படை. இந்தக் குருமார்களில் கல்யாணம் ஆகாதவர்கள் நிறைய. பெரிய குருமனையில் ஒற்றை ஆள். ஊரெல்லாம் அவரிடம் வந்து அழும். அவர் யாரிடம் போவார்?

இந்தச் சங்கங்களில் பழையது திருச்சிலுவைச் சங்கம், சுருக்கமாக எஸ்.எஸ்.சி. அதைத் தொடங்கிய சார்லஸ் லவுடர், 1854-இல் லண்டன் பிம்லிக்கோவில் உதவிக் குரு. தூபம், மெழுகுவர்த்தி, அங்கி எல்லாம் போப்பின் வழக்கம் என்று அப்போது ஒரே சண்டை. கோவில் நிர்வாகி தேர்தலில் எதிரணிக்காக ஒருவன் விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு தெருவில் சுற்றினான். லவுடருக்குப் பொறுக்கவில்லை. பாடகர் குழுப் பையன்களிடம் காசு கொடுத்து, அழுகிய முட்டை வாங்கி அவன்மேல் வீசச் சொன்னார். பையன்கள் சொன்னதை ஒழுங்காகச் செய்தார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பேராயர் அவரை ஆறு வாரம் பணியிடைநீக்கம் செய்தார்.

அவமானத்தோடு பிரான்சுக்குப் போய் ஒரு குருமடத்தில் தங்கினார் லவுடர். அங்கே புனித வின்சென்ட் தே பவுலின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். ஏழைகளுக்கு உழைக்கும் குருக்களை ஓர் ஒழுங்குக்குள் சேர்த்துக் கட்டியவர் வின்சென்ட். தனியாக இருந்தால் நம் கோபம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று லவுடர் அங்கேதான் யோசித்திருப்பார் என்பது என் ஊகம். திரும்பி வந்து 1855 பிப்ரவரி 28 அன்று, சோஹோவில் ஒரு சிறிய சிற்றாலயத்தில், தன்னோடு சேர்த்து ஆறு குருக்களை வைத்து இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார்.

விதிகள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். தினசரி ஜெபங்களை விடக்கூடாது, அடிக்கடி பூசை வைக்க வேண்டும், ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் (தன் பாவங்களை இன்னொரு குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது), சகோதரக் குருக்களைப் பெயர் சொல்லி ஜெபத்தில் நினைக்க வேண்டும். இதில் மூன்றாவதுதான் இங்கிலாந்தைக் கொதிக்க வைத்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்காகச் சங்கம் வைத்திருந்த கையேட்டின் பகுதிகளை 1877-இல் ஒரு பிரபு மேல்சபையில் வாசித்துக் காட்ட, நாடே கூச்சல் போட்டது. உறுப்பினர்கள் பலர் விலகினார்கள். இந்தக் கத்தோலிக்க வழக்கங்களை அடக்க 1874-இல் வந்த வழிபாட்டுச் சட்டத்தால் சில குருக்கள் சிறைக்கே போனார்கள். சிட்னி கிரீன் என்பவர் ஏறக்குறைய 20 மாதம் லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் கிடந்தார். ஹோல்பர்ன் புனித ஆல்பன் கோவிலின் மக்கனோக்கியை வருடக்கணக்காக வழக்குகள் அலைக்கழித்தன. உடம்பும் மனசும் தளர்ந்து, 1887 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் ஒரு பேராயர் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, மலையில் நடக்கப் போனவர் பனியில் வழிதவறி இறந்தார். கூடப் போன இரண்டு நாய்களும் உடலை விட்டு நகராமல் காவல் இருந்தனவாம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். நான் பார்த்த கூட்டங்கள் இப்படித்தான் நடக்கும். காலையில் சேர்ந்து பூசை. அப்புறம் யாராவது ஒருவர் ஒரு கட்டுரை வாசிப்பார். பாதிப்பேர் கேட்பார்கள், மீதிப்பேர் கண்ணை மூடித் 'தியானிப்பார்கள்'. பிறகு சாப்பாடு. நீங்கள் கேட்ட அரட்டையும் உண்டு. எந்தப் பேராயர் என்ன சொன்னார், எந்தக் கோவிலின் கூரை ஒழுகுகிறது என்று. லேஸ் அங்கியும் ஜின்னும்தான் இவர்கள் பக்தி என்று வெளியே கேலி செய்வார்கள். கேலியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை நான் லெமன் சாதம் செய்திருந்தேன். காய்ந்த மிளகாயைத் தட்டின் ஓரமாக ஒதுக்கத் தெரியாமல் ஒரு ஃபாதர் கடித்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் எடுக்க ஓடினேன். கோவில் வழியாகத்தான் போக வேண்டும். பக்கச் சிற்றாலயத்தில் இரண்டு பேர். எண்பது வயதுக் குரு ஒருவர், முழங்கால் வலிக்காரர், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிடுகிறார். நாற்காலியில், பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது குரு அணியும் ஊதா நிறத் தோள்துண்டோடு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது வயதுதான் இருக்கும்; குருப்பட்டம் வாங்கி இரண்டு வருடம். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். தண்ணீருக்குப் பதில் தயிர் கொடுத்துச் சமாளித்தேன்.

அதன் பிறகு எனக்கு இதை நட்பு வட்டம் என்று சொல்லத் தோன்றவில்லை. அந்த இரண்டு பேரும் நண்பர்களே இல்லை. சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசி முறைத்துக்கொள்வார்கள். ஆனால் இவர் போன் எடுக்கவில்லை என்றால் அவர் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார். பிடிக்கிறதோ இல்லையோ, விதி இருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். 1992-இல் பெண்களுக்குக் குருப்பட்டம் தர இங்கிலாந்துத் திருச்சபை முடிவெடுத்து, 1994-இல் முதல் பட்டம் கொடுத்தபோது இந்த வட்டாரமே இரண்டானது. எஸ்.எஸ்.சி. அதை ஏற்கவில்லை. ஏற்றவர்கள் அதே வருடம் கத்தோலிக்கக் குருக்கள் சங்கம் என்று தனியாக, பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். 2011-இல் வேறு சிலர் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்கே போய்விட்டார்கள். சேர்ந்து பூசை வைத்தவர்கள் ஒரே பீடத்தில் நிற்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெண் குருக்கள் விஷயத்தில் தயக்கமே இல்லை, ஆனாலும் நான் சமைத்துப் போட்டது ஏற்காதவர்களுக்குத்தான். இதை எங்கள் வீட்டில் என் மனைவி அடிக்கடி சொல்லிக் காட்டுவாள்.

லண்டன் போனால் வாப்பிங் ஸ்டேஷனில் இறங்கி, லவுடர் கட்டிய புனித பேதுரு கோவிலைப் பாருங்கள். 1866-இல் கட்டி முடித்த அதே கோடையில் அங்கே காலரா வந்தது. அவரும் கூட இருந்தவர்களும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள். ஞாயிறு காலைப் பூசைக்குப் போவது நல்லது. தூபப் புகை ஒத்துக்கொள்ளாதென்றால் பின்வரிசையில் கதவுப் பக்கமாக உட்காருங்கள்.