காற்றை எதிர்த்துப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

கான்-டிக்கி பயணம் பற்றி அண்மையில் படித்தேன். 1947இல் நார்வே நாட்டு ஆய்வாளர் தோர் ஹெயர்டால் கான்-டிக்கி என்ற பால்சா மரத் தெப்பத்தில் பெருவிலிருந்து பசிபிக் கடலின் பாலினேசியத் தீவுகள் வரை போயிருக்கிறார். அப்படியென்றால் கொலம்பஸுக்கு முன்பே பசிபிக்கைக் கடந்தவர்கள் அமெரிக்கப் பழங்குடிகள்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆறு பேர் 101 நாள் கடலில் கிடந்து ராரோயா பவளத்தீவில் ஒதுங்கியது பெரிய துணிச்சல். ஆனால் அப்படிப் போக முடியும் என்பதற்குத்தான் அது சாட்சி, போனார்கள் என்பதற்கு அல்ல. அந்தத் தெப்பத்தையும் ஒரு இழுவைக் கப்பல்தான் கரையிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் விட்டது.

ஹெயர்டாலிடம் எனக்கு உள்ள மனத்தாங்கல் வேறு. அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது. பாலினேசியர்கள் அதை எதிர்த்து மேற்கிலிருந்து வந்து தீவுகளில் குடியேறியிருக்க முடியாது என்று அவர் நினைத்தார். கடலோடியின் கணக்கு இதற்கு நேர்மாறு. கரை தெரியாத கடலுக்குள் போகிறவனுக்கு எதிர்காற்றுதான் பாதுகாப்பு. தீவு எதுவும் தட்டுப்படாமல் குடிதண்ணீர் குறைந்துவிட்டால் படகைத் திருப்பினால் போதும், அதே காற்று பின்னாலிருந்து தள்ளி வீட்டில் சேர்த்துவிடும். காற்றோடு போனவனுக்குத்தான் திரும்பி வருவது பெரும்பாடு. அப்புறம், மேற்குக் காற்று வீசும் நாட்களும் உண்டு. அதற்காகக் காத்திருக்கவும் அவர்களுக்குத் தெரியும்.

இந்த அறிவு வெறும் கதை இல்லை. 1976இல் ஹொகுலேயா என்ற இரட்டை ஓடத்தை ஹவாயிலிருந்து தாஹிதிக்கு வழிநடத்தினார், மேற்குப் பசிபிக்கில் உள்ள சாடவால் தீவின் கடலோடி மாவ் பியாய்லக். திசைகாட்டிகூட இல்லை. விண்மீன் எழும் இடம், அலை படகைத் தூக்கும் விதம், பறவைகள், இவ்வளவுதான். அதைப் படித்த நாளிலிருந்து அவர்கள் ‘அலையில் அடித்துச் செல்லப்பட்டவர்கள்’ என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அமெரிக்காவோடு தொடர்பு இருந்ததா? இருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தாய்நாடு அமெரிக்கா. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பாலினேசியத் தீவுகளில் அதைப் பயிரிட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் குடியேறிய பாலினேசியர்களான மாவோரிகள் அதைக் கூமாரா என்கிறார்கள். தென் அமெரிக்க மொழிகளிலும் அதை ஒத்த பெயர் உண்டு. (ஒலியைக் கேட்டு நம் குமரனோடு முடிச்சுப் போட வேண்டாம்.) விதை தானாகவே மிதந்து போயிருக்கலாம் என்று வாதிடும் தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். அதனால் கிழங்கை மட்டும் நம்பி நான் பேசமாட்டேன்.

மனித மரபணு மிதந்து போகாது. 2020இல் வெளியான ஆய்வு, கிழக்குப் பாலினேசியர்களிடம் இன்றைய கொலம்பியாவின் பழங்குடிகளுக்கு நெருங்கிய மரபணுக் கூறுகளைக் கண்டது. கலப்பு நடந்த காலம் ஏறக்குறைய 1200. ராப்பா நூயி (ஈஸ்டர்) தீவின் பழைய எலும்புகளை வைத்து 2024இல் வந்த ஆய்வும், முதல் ஐரோப்பியக் கப்பல் அங்கே போன 1722க்குப் பல தலைமுறைகள் முன்பே கலப்பு நடந்துவிட்டது என்கிறது.

யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதை மரபணு மட்டும் சொல்லிவிடாது. பாலினேசியர்கள் போய்த் திரும்பினார்கள் என்பதே என் எண்ணம். போய்த் திரும்பும் படகு அவர்களிடம் இருந்தது. போகும் இடத்துக்கெல்லாம் பயிரைக் கொண்டுபோய் நடும் பழக்கமும் இருந்தது. வெப்பநாட்டுக் கிழங்கான கூமாராவை நியூசிலாந்தின் குளிரிலும் விளைவித்து, நிலத்தில் குழி வெட்டி அடுத்த நடவு வரை அழுகாமல் காத்தவர்கள் அவர்கள்.