மூன்று பந்தியில் சாப்பிடுகிறவரா?

கேள்வி: போன இதழில், எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய கன்னமேயர் என்ற ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பேராசிரியரை ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்திருந்தீர்கள். எழுத்தாளன் எழுதியதைப் படித்தால் போதாதா? அவன் எந்தக் கடையில் கடன் வைத்தான் என்று துருவுவது வம்புதானே? பல்கலைக்கழகச் சம்பளம், பத்திரிகைச் சன்மானம், புத்தக ராயல்டி என்று ஒரே ஆள் மூன்று பந்தியில் உட்காரலாமா? என் மகள் வேறு இதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள்.
— ஒரு தகப்பனார், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மூன்று பந்தியா? ஒரு பந்தியில் சாப்பிட்டுவிட்டு மற்ற இரண்டிலும் இலை எடுக்கிறவர் அய்யா அவர். சம்பளத்தைக் கல்லூரி தருகிறது, வாழ்க்கை வரலாறு அதைத் தின்கிறது. பத்திரிகைச் சன்மானம் பற்றி, அதைக் கொடுக்கிற நாற்காலியில் இருக்கும் என்னிடம் கேட்காதீர்கள்.

கன்னமேயர் ஆஃப்ரிகான்ஸ் இலக்கிய வரலாற்றை 1978இலும் 1983இலும் இரண்டு பெரிய தொகுதிகளாகப் போட்டார். பிறகு ஓப்பர்மன், லைபோல்ட் என்று ஒவ்வொரு எழுத்தாளராக எடுத்துக்கொண்டார். கடைசியாக நாவலாசிரியர் ஜே.எம். கூட்ஸி. வாய் திறக்காத மனிதர் என்று பெயரெடுத்த கூட்ஸியே அவர் எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னார். கன்னமேயர் 2011 கிறிஸ்துமஸ் அன்று காலமானார். புத்தகம் வந்தது 2012இல். நீங்கள் கணக்குப் பார்க்கிற ராயல்டியை எண்ண அவர் இல்லை.

வம்பு என்றீர்களே, அதற்கு வருகிறேன். 1912 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்த வ.உ.சி., சென்னையில் குடும்பத்தோடு சோற்றுக்குத் தட்டழிந்தார். அவருக்காகக் காசு திரட்டியவர்கள் யார் தெரியுமா? நம் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள். பணம் காந்தியின் கைக்குப் போனது. அவர் 1915 ஜனவரியில் இந்தியா திரும்பினார். பணம் வந்துசேரவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம், அடுத்த வருஷம் வரை. தொகை 347 ரூபாய் 12 அணா. ஆ. இரா. வேங்கடாசலபதி என்கிற வரலாற்றுப் பேராசிரியர் அந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து, தொகையையே தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் எழுதிவிட்டார். 12 அணாவைத் துருவுவது வம்பு என்று அவர் விட்டிருந்தால், உங்கள் கொள்ளுத்தாத்தா போட்ட ஒரு ஷில்லிங்கும் கணக்கில் வராமல் போயிருக்கும். (போட்டிருப்பார் என்றே வைத்துக்கொள்வோம்.)

பத்திரிகைக்காரனுக்கு வீட்டுக் கதவைத் தட்டத் தெரியும். உள்ளே சொன்னதை நம்பாமல் இருக்கத் தெரிந்தவர் பேராசிரியர். எனக்கு முதல் பாதிதான் வரும். சில வருஷங்களுக்கு முன் இங்கே நாடகம் போட்ட ஒரு பெரியவர் தவறிவிட்டார். இரங்கல் குறிப்புக்காகப் போனேன். அவருடைய முதல் நாடகம் எந்த வருஷம் என்று பிள்ளை சொன்னாரோ அதையே அச்சில் ஏற்றினேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனால் வாசலில் மூன்று கறுப்புக் குப்பைப் பைகள். ஒன்றின் வாயில் மஞ்சள் பூத்த ஒரு நாடக நோட்டீஸ் நீட்டிக்கொண்டிருந்தது. உருவிப் பார்த்தேன். நான் அச்சடித்த வருஷத்துக்கு ஆறு வருஷம் முந்தைய தேதி. பின்பக்கத்தில் பென்சிலால் வேஷக்காரர்கள் பெயர், அடியில் ஆர்மோனிய வாடகை பாக்கி. நீங்கள் சொன்ன அதே கடன்! அந்த ஒரு தாள் என் மேஜையில் இருக்கிறது. மற்றதெல்லாம் குப்பை வண்டியில் போயிற்று, கேட்கக் கூச்சப்பட்டு நின்றேன்.

உ.வே.சாமிநாதையர் கூச்சப்படவில்லை. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876இல், அவர் வரலாற்றை ஐயர் அச்சிட்டது 1933இல். இடையில் 57 வருஷம். தம் குருவுக்கு இருந்த பணமுடையைச் சொல்லாமல் அவர் பூசி மெழுகவில்லை. அவரும் கல்லூரியில் சம்பளம் வாங்கியவர்தான். ஏடு பதிப்பித்தார், குருவின் சரித்திரம் எழுதினார், கடைசிக் காலத்தில் ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தைத் தொடராகவும் எழுதினார். உங்கள் கணக்குப்படி நாலு பந்தி.

மகளை ஊக்குவிக்கிறேன் என்று ஆபத்தை மறைக்க மாட்டேன். ரொனால்ட் சுரேஷ் ராபர்ட்ஸ் என்பவர், நம் நாட்டு நாவலாசிரியை நடீன் கோர்டிமரின் சம்மதத்தோடுதான் அவர் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். கைப்பிரதியைப் படித்த அம்மையாருக்குச் சில இடங்கள் பிடிக்கவில்லை. சம்மதம் போயிற்று, வெளிநாட்டுப் பதிப்பாளர்களும் கைகழுவினார்கள். 2005இல் ஜோகன்னஸ்பர்க்கில்தான் புத்தகம் வெளியே வந்தது. இருக்கிறவரைப் பற்றி எழுதினால் அவர் கோபிப்பார். இறந்தவரைப் பற்றி எழுதினால் மருமகன் கோபிப்பார்.

ஆகவே அவள் பி.எஸ். அய்யரிடமிருந்து தொடங்கட்டும். 1908இல் இதே டர்பனில் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் என்று தமிழும் ஆங்கிலமுமாக வாரப் பத்திரிகை நடத்தியவர். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் தலையில் கட்டிய 3 பவுண்டு வரியை விடாமல் எதிர்த்தவர். காந்தியோடும் முட்டிக்கொண்டவர். தமிழில் அவர் வரலாறு என்று ஒரு புத்தகம் என் கைக்கு வந்ததில்லை. பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்க அவளுக்கு ஆறு மாதம் பிடிக்கும், அதை நான் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமை காலை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சன்மானம் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.