‘மெதுவாக’ எந்த வினையைத் தழுவுகிறது?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு, வினையடையை, அதாவது ஒரு செயல் எப்படி, எப்போது, எங்கே நிகழ்ந்தது என்று சொல்லும் சொல்லை, அடிக்கோடிட்டு, அது எந்த வினைக்கு அடையாக வருகிறது என்று எழுதும் பயிற்சி தருகிறார்கள். ‘ஆக’ என்று முடியும் எல்லாச் சொற்களையும் அவள் அடிக்கோடிட்டுவிடுகிறாள். இரண்டு வினைகள் வந்தால் குழம்பிப்போகிறாள். எப்படி விளக்குவது?

பதில்: ‘ஆக’ என்னும் ஈற்றைத் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் வினைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வினையோடும் எப்படி, எப்போது, எங்கே என்ற கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும். ‘இனிமையாகப் பாடினாள்’ என்பதில் ‘எப்படிப் பாடினாள்?’ என்ற கேள்விக்கு ‘இனிமையாக’ என்பது நேராக விடையாகிறது. ‘மகளுக்காக வாங்கினார்’ என்பதில் வரும் ‘ஆக’ நான்காம் வேற்றுமைப் பொருளில் வந்த சொல்லுருபு (வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்), ‘யாருக்காக?’ என்றுதான் கேட்க வேண்டும். ‘ஆசிரியராக இருக்கிறார்’ என்பதிலோ அச்சொல்லை நீக்கினால் எஞ்சும் ‘இருக்கிறார்’ வேறு பொருள் தந்துவிடும். அங்கே ‘ஆசிரியராக’ என்பது பயனிலையை நிரப்பும் சொல். ‘அழகாக இருக்கிறாள்’ என்பதை வினையடை என்போரும் உண்டு, நிரப்பி என்போரும் உண்டு. தொடக்கப் பயிற்சியில் அத்தகைய வாக்கியங்களைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டு வினைகள் வரும் இடமே உண்மையான சிக்கல். ‘ஆசிரியர் மெதுவாகப் பேசச் சொன்னார்’ என்ற வாக்கியத்தில் மெதுவாக நிகழ்வது பேச்சா, சொல்லுதலா? வினையடை பெரும்பாலும் தனக்குப் பின் முதலில் வரும் வினையையே தழுவுவதால், பேச்சுத்தான் மெதுவானது என்று கொள்கிறோம். ஆசிரியரின் குரலே மெதுவானது என்றால், ‘பேசும்படி மெதுவாகச் சொன்னார்’ என்று அடையை இடம் மாற்றி எழுத வேண்டும். ஐயம் வரும்போதெல்லாம், அடையை ஒவ்வொரு வினைக்கும் முன்னால் வைத்துப் படித்து, எதில் பொருள் மாறாமல் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘நாளை வருவதாகச் சொன்னான்’ என்பதில் காலமே விடை சொல்லிவிடும்: ‘சொன்னான்’ இறந்தகாலமாதலால் ‘நாளை’ அதனோடு ஒட்டாது. ‘நேற்று வருவதாகச் சொன்னான்’ என்பது இருபொருள் தரும். அந்தப் பிழை குழந்தையுடையது அன்று, வாக்கியத்தை அமைத்தவருடையது.

‘குளித்துச் சாப்பிட்டான்’, ‘நின்று சாப்பிட்டான்’ ஆகிய இரண்டிலும் முதலில் வருவது வினையெச்சமே, அதாவது தான் முற்றுப்பெறாமல் வேறொரு வினையைக் கொண்டு முடியும் சொல்லே. ஆயினும் முன்னதில் இரு செயல்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. பின்னதில் ‘நின்று’ என்பது சாப்பிட்ட விதத்தைச் சொல்வதால் வினையடையின் வேலையைச் செய்கிறது.

தேர்வைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர், வினை, இடை, உரி என நான்காகச் சொல்லைப் பகுத்த தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் வினையடை தனி வகையாக இல்லை. ஆகவே ‘மெல்ல வந்தான்’ என்பதிலுள்ள ‘மெல்ல’ என்ற சொல்லை மரபிலக்கண வினாவில் குறிப்பு வினையெச்சம் (காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினையெச்சம்) என்றும், வினையடையைக் கேட்கும் வினாவில் வினையடை என்றும் அவள் எழுதலாம்.